புரையேறிய பிள்ளை

சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்குப் புரையேறினால் எங்கள் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் நாலு தட்டுத் தட்டுவார். "ஆரோ நினைக்கினம்" என்பார் அம்மம்மா. இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும், நினைத்தது கனடாவில் இருக்கும் மகனா, கடன் தந்த கடைக்காரரா என்று ஒரு சிறு விசாரணை நடக்கும். காரியம் அநேகமாக அத்தோடு முடிந்துவிடுவதால் தலையில் தட்டுவதற்கும் ஒரு கைராசி வந்து சேர்ந்துவிட்டது. உண்மையில் ஆளைக் காப்பாற்றியது இருமல். தட்டாமல் விட்டிருந்தாலும் அது தன் வேலையைச் செய்திருக்கும்.

இருமலே வராத புரையேற்றமும் உண்டு. பிள்ளை வாயைத் திறக்கிறது, சத்தம் இல்லை. அழப் பார்க்கிறது; அழுகை வெளிவரவில்லை. உதடு கருநீலமாகிறது. தலையில் தட்டிக்கொண்டிருந்த கை அப்போது என்ன செய்யவேண்டும் என்பதை அந்தக் கைக்கு எப்படி, எங்கே, எத்தனை முறை பழக்குவது? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான். அதை மன்னாரில் வைத்துக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

மனிதத் தொண்டை ஒரு புகையிரதக் கடவை. மூக்கால் வரும் காற்று பின்பக்கமாக இறங்கி முன்னால் இருக்கும் மூச்சுக்குழாய்க்குப் போகவேண்டும். வாயால் வரும் சோறு முன்பக்கத்திலிருந்து பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போகவேண்டும். இரண்டு பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, குரல்வளை மூடி கவிகிறது. கடவைக் காவலாளி படலையைச் சாத்திவிட்டார், வண்டி போகலாம். இரண்டு வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டே தின்னும், தின்றுகொண்டே சிரிக்கும். அரைத்துத் தின்னக் கடைவாய்ப் பற்களும் முழுதாக வந்திருக்காது. படலை திறந்திருக்கும் நேரத்தில் கச்சான் பருப்பு ஒன்று பாதை மாறிப் போவதற்கு அரைச் செக்கன் போதும்.

கச்சானைச் சும்மா இழுக்கவில்லை. குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் உலகம் முழுவதும் முன்வரிசையில் நிற்பது அதுதான். ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போய்வருபவர்கள் கையில் ஒரு சரையாவது இல்லாமல் திரும்புவதில்லை. (தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் எங்கள் கரையில் கச்சான் என்றே பெயர். காற்றை மறிக்கும் பருப்புக்கும் அதே பெயர் வாய்த்தது தற்செயல்தான்.) கச்சானோடு நிற்பதில்லை: புளியங்கொட்டை, பாலைப்பழக் கொட்டை, தெற்கிலிருந்து வரும் றம்புட்டானின் வழுவழுத்த விதை, விளையாட்டுப் பொருளிலிருந்து கழன்ற பொத்தான் பற்றரி. அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் தன் வாழ்நாளில் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பத்திரப்படுத்தி வைத்தார். இன்றும் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக அவை கிடக்கின்றன: ஊக்குகள், ஆணிகள், பொத்தான்கள், எலும்புத் துண்டுகள். பார்த்தவர்கள் பிறகு கொஞ்ச நாளைக்கு வீட்டுத் தரையைக் குனிந்து பார்த்துத்தான் நடப்பார்களாம்.

பெரியவர்களுக்குச் சிறிய தொல்லையாக இருப்பது பிள்ளைக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது? பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில், மெல்லிய குழாய்களில் நீர்மம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தபோது கண்டது: குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்கு. கைக்குழந்தையின் மூச்சுப்பாதை ஒடுங்கிய இடத்தில் சுமார் 4 மில்லிமீற்றர் அகலம். இளநீர் உறிஞ்சும் குழல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சலில் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீற்றர். தடை 16 மடங்கு. பெரியவரின் 8 மில்லிமீற்றர்க் குழாயில் அதே வீக்கம் வந்தால் தடை ஏறத்தாழ மூன்று மடங்குதான். அவர் தொண்டை கட்டிவிட்டது என்று கொத்தமல்லி அவித்துக் குடிப்பார். பிள்ளை அழுதால் காற்று சுழித்து ஓடும், கணக்கு இன்னும் மோசமாகும். குரூப் என்ற நோயில் நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டு வரும் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிடுங்காதீர்கள், தொண்டைக்குள் தடி விட்டுப் பார்க்காதீர்கள் என்று அனுபவப்பட்ட வைத்தியர்கள் சொல்வதன் பௌதிகம் இதுதான்.

அடுத்தது நேரம். மன்னார்க் கரையில், சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் அப்பால் உள்ள கடற்பார்களில் முத்துக்குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் கீழே இருந்து, கயிற்றை அசைத்து மேலே வந்தார்கள். அது பழகிய உடம்பு. மயக்கமருந்து வைத்தியர்கள் வேறொரு விதமாக இதை அளந்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் நுரையீரலை ஒட்சிசனால் நன்றாக நிரப்பிவிட்டு மூச்சு நின்றால், இரத்தத்தில் ஒட்சிசன் செறிவு 90 வீதத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? பதின்ம வயதினருக்கு ஆறு நிமிடத்துக்கு மேல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். நிறைகுடத்துக்கே இந்தக் கணக்கு. வீட்டில் புரையேறும் பிள்ளைக்கு யாரும் முன்கூட்டி ஒட்சிசன் நிரப்பி வைப்பதில்லை. குழந்தையின் உடல் எடைக்கு எடை பெரியவரைப்போல இரு மடங்கு ஒட்சிசனை எரிக்கிறது. சேமித்து வைக்கும் இடமோ சிறியது. ஒட்சிசன் முற்றாக நின்று நாலைந்து நிமிடம் போனால் மூளை சேதமாகத் தொடங்குகிறது.

இப்போது தரைப்படத்தைப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நடுவில் பேசாலை. நகரத்திலிருந்து பாலமும் தாம்போதியும் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்தால் தெற்கே வங்காலை, நானாட்டான், முசலி, வடக்கே விடத்தல்தீவு. வவுனியாவுக்கு 80 கிலோமீற்றர் அளவு, யாழ்ப்பாணத்துக்கு 100-க்கு மேல். மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுக் கச்சானை எடுக்கும் வேலை பெரிய வைத்தியசாலைகளுக்கு உரியது. அங்கே போய்ச்சேரும்வரை பிள்ளை மூச்சோடு இருந்தால்தான் அந்தப் பேச்சு. 2016-ல் கொழும்புப் பக்கம் தொடங்கி 2018-ல் வட மாகாணத்துக்கு வந்த, 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரிய வரம். ஆனாலும் நாலு நிமிடத்தை எந்த வண்டியும் துரத்திப் பிடிக்காது. ஆக, முதல் நாலு நிமிடத்துக்குச் சொந்தக்காரர்கள் வீட்டாரும், ஊர்க் குடும்பநல மருத்துவமாதுவும், சின்ன வைத்தியசாலையில் இரவுக்கடமையில் இருக்கும் தாதியும், வெளிநோயாளர் பிரிவு வைத்தியரும்தான். போர்க்காலத்தில் இந்தப் பகுதிகளின் கிராம வைத்தியசாலைகளைப் பல வருடம் தாங்கிப் பிடித்தவர்கள் அப்போதிக்கரிமார் என்று நாங்கள் அழைத்த உதவி வைத்தியர்கள். அவர்களுக்கும் இந்த நாலு நிமிடங்கள் தெரிந்தவைதான்.

சிக்கல் என்னவென்றால் இந்த நாலு நிமிடம் அடிக்கடி வருவதில்லை. வராமல் போனதற்குக் காரணமும் நல்ல காரணம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் பிள்ளைகளின் தொண்டையை அடைத்துக் கொன்றது தொண்டைக்கரப்பன். முக்கூட்டு ஊசி அதை ஒழித்தது. குரல்வளை மூடியை வீங்கவைத்து மணிக்கணக்கில் உயிர் குடிக்கும் ஹிப் கிருமிக்கும் 2008-ல் இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் இடம் கிடைத்தது. தடுப்பூசிகள் வெல்ல வெல்ல, அடைபட்ட தொண்டையைக் கண்ணால் கண்ட தாதியரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. ஒரு சின்ன வைத்தியசாலையில் ஒருவர் இப்படியொரு பிள்ளையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பார்க்கலாம். பார்க்காமலே ஓய்வும் பெறலாம். ஆனால் உயிர்மீட்புப் பயிற்சி பெற்றவர்களின் கைத்திறன் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சம்பவம் வருவது வருடக்கணக்கில், திறன் மறப்பது மாதக்கணக்கில். உண்மையான பிள்ளையில் பழகவும் முடியாது. விமானிகளுக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது. 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தரையில் நின்று ஆடும் போலி விமானம் ஒன்றைச் செய்து அதற்கு வழி கண்டார்.

மருத்துவத்தில் அந்த வழி ஒரு பொம்மைக் கடையிலிருந்து வந்தது. நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் பொம்மை செய்துகொண்டிருந்தவர் ஓஸ்முண்ட் லேர்டால். 1955-ல் அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கிப்போனான். தூக்கி எடுத்து, மூச்சுப்பாதையில் இருந்த நீரை வெளியேற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினார். சில வருடம் கழித்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைப் பழக்க உருவம் ஒன்று செய்துதர முடியுமா என்று வைத்தியர்கள் கேட்டபோது, மறுக்க முடியாத ஆளிடம்தான் கேட்டார்கள். 1960-ல் வந்த 'ரிசசி ஆன்' பொம்மையின் முகம், பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பு. உலகின் கோடிக்கணக்கான மாணவர்கள் குனிந்து மூச்சுக் கொடுத்தது அந்த முகத்துக்குத்தான்.

பொம்மைக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் களைப்பு வராது.

மூச்சுத்திணறும் குழந்தை முதலில் போராடும். நெஞ்சுக்குழி உள்வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும், தலை ஆடும். பிறகு போராட்டம் குறையும். முனகல் நிற்கும். கண் சொருகும். பழகாத கண்ணுக்கு அது நல்ல சகுனம்போலத் தெரியும்: "பிள்ளை ஆறிட்டுது, நித்திரை கொள்ளுது." உண்மையில் தசைகள் தோற்றுக்கொண்டிருக்கின்றன, மூச்சு நிற்கச் சில நிமிடங்களே பாக்கி. இந்த வேறுபாட்டைப் பிளாஸ்டிக் முகத்தில் காட்ட முடியாது. பயிற்றுநர் பக்கத்தில் நின்று "இப்ப பிள்ளை களைச்சுப் போச்சு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

கண்ணை மூடும் கண்ணாடி ஒன்றை மாட்டி, கணினி வரைந்த உலகத்துக்குள் ஆளை நிறுத்தும் மெய்நிகர்த் தொழில்நுட்பம் நுழைவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையில் மருத்துவ மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் கணினியில் வரைந்த ஒரு குழந்தையின் கட்டிலருகே நிறுத்தினார்கள். மூச்சுக்குழல்கள் வீங்கித் திணறும் குழந்தை. அதன் நெஞ்சு, தோலின் நிறம், விழிப்பு எல்லாம் மாறிக்கொண்டே போகும். 2020-ல் வெளியான முடிவுகளின்படி, அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையின் விழிப்புநிலையைக் கணிப்பதிலும், இது கைமீறப் போகிறது, பெரியவர்களைக் கூப்பிடவேண்டும் என்று உணர்வதிலும் மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் சிறுவர் வைத்தியசாலையில் 2017-ஐ ஒட்டி இன்னொரு முயற்சி நடந்தது. அங்கே சூழல் முழுவதையும் செய்தார்கள்: நிற்காத வலிப்பு ஒரு காட்சி, தொண்டை வீங்கும் கடும் ஒவ்வாமை இன்னொன்று. அலறும் இயந்திரங்கள், அவசரமாக விவரம் சொல்லும் அம்புலன்ஸ்காரர், பதறும் பெற்றோர். மருந்தின் அளவு எல்லோருக்கும் தெரியும். தாய் கதறும்போது அது நினைவுக்கு வருகிறதா என்பதே சோதனை.

அந்தக் கண்ணாடிக்குள் என்னதான் நடக்கிறது? தத்துவம் பழையது. 1838-ல் சார்ல்ஸ் வீட்ஸ்டன், இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தைக் காண்கிறது என்று நிறுவினார். 1968-ல் ஐவன் சதர்லாண்ட் தலையோடு சேர்ந்து அசையும் திரையைச் செய்தார். பாரம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றைய ஹெட்செட் அதே வேலையை அரைக் கிலோ எடையில் செய்கிறது. நீங்கள் தலையைத் திருப்பியதும் உள்ளே உள்ள உணரிகள் அதை அளந்து, செக்கனுக்கு 72 முதல் 90 முறை காட்சியை மாற்றி வரைகின்றன. தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே சுமார் 20 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதம் விழுந்தால் காதின் சமநிலை உறுப்பும் கண்ணும் முரண்படும். கச்சான் காற்றில் வள்ளத்தில் போனவருக்கு வருவதுபோல் குமட்டும். கணினியோ வயரோ இல்லாமல் தனித்தியங்கும் ஹெட்செட்கள் 2019 முதல் பரவலாகக் கிடைக்கின்றன. பயிற்சியை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையமும் தேவையில்லை. தலைமன்னாருக்கு இந்தச் சின்ன விவரம்தான் பெரிய விவரம்: பயிற்சி பெற ஒரு தாதி இரண்டு நாள் கடமையை விட்டுக் கொழும்புக்குப் போகத் தேவையில்லாமல், அரிய இரவு அவரிடம் பெட்டியில் வந்து சேரும்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆர்வலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு எனக்குப் பிணக்கு உண்டு. பிணக்குக்குக் காரணம் ஒரு பை.

வாட்டுகளில் 'அம்பு பேக்' என்பார்கள். வில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1956-ல் டென்மார்க்கின் ரூபன், ஹெசே இருவரும் உருவாக்கிய, பிழிந்தால் காற்றுத் தள்ளித் தானே விரியும் பை. அதற்கு நாலு வருடம் முன்பு கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் வெடித்தபோது இயந்திரங்கள் போதாமல், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாக, வாரக்கணக்கில் கையால் பை பிழிந்து நோயாளிகளுக்கு மூச்சூட்டியிருந்தார்கள். இன்றும் மூச்சு நின்ற குழந்தைக்கு முதல் மருந்து அந்தப் பைதான். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் அம்புலன்ஸ் ஊழியர்கள் 830 பிள்ளைகளுக்குச் செய்த சிகிச்சையை ஒப்பிட்டு 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. தொண்டைக்குள் குழாய் போடப்பட்டவர்களும் பை-முகமூடியால் மட்டும் மூச்சூட்டப்பட்டவர்களும் பிழைத்த அளவில் வேறுபாடு தெரியவில்லை. குழாய் போடுவது வீரம் போலத் தோன்றும். நாலு தரம் முயன்று தோற்கும் நேரத்தில் ஒட்சிசன் இறங்கிப்போகும். அரிதாக இந்த நிலையைச் சந்திக்கும் சின்ன வைத்தியசாலைக்குப் பையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிவதே பெரிய வித்தை.

அந்தப் பிடிப்பைக் கொஞ்சம் விளக்கவேண்டும். முகமூடி மூக்கின் மேட்டிலிருந்து நாடிவரை உட்காரவேண்டும், கண்ணில் ஏறக்கூடாது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைந்து முகமூடியை அமர்த்தும். மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைப் பற்றி முகத்தை முகமூடிக்குள் தூக்கும். விரல் அரை அங்குலம் தவறி நாடிக்குக் கீழே மெதுவான தசையில் அழுத்தினால் நாக்கு பின்னால் தள்ளப்பட்டு, திறக்கவேண்டிய வழியை நாமே அடைத்துவிடுவோம். குழந்தையின் பின்தலை பெரிது. தட்டையாகக் கிடத்தினால் கழுத்து முன்னால் மடியும், எனவே தோளுக்கு அடியில் மடித்த துணி வைக்கவேண்டும். அதிகம் நிமிர்த்தினாலும் குழல் ஒடுங்கும். ஏழு கிலோப் பிள்ளைக்கு ஒரு மூச்சுக்குத் தேவை 50 மில்லிலீற்றர் அளவு, ஒரு சின்ன மருந்துக் குவளை. பதற்றத்தில் பையை முழுதாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போகும், வயிறு ஊதும், நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். நெஞ்சு மெல்ல எழும்பினால் போதும்.

மேலே உள்ள பத்தியைப் படித்து இதைப் பழக முடியுமா? முடியாது. ஹெட்செட் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பிடியோடு, காற்றில் பழக முடியுமா? பெரும்பாலும் அதுவும் முடியாது. நைஜீரியாவின் லாகோஸிலும் கென்யாவின் மேற்கு எல்லையில் உள்ள புசியாவிலும் 274 தாதியரையும் மருத்துவமாதரையும் வைத்து நடந்த ஆய்வு இதில் முக்கியமானது; முடிவுகள் 2021-ல் வெளியாகின. பிறந்தவுடன் அழாத சிசுவுக்கு மூச்சூட்டும் பயிற்சியை எல்லோரும் பொம்மையில் பெற்றார்கள். பிறகு மறக்காமல் இருக்க ஒரு குழுவுக்குக் கைத்தொலைபேசியில் இயங்கும் மெய்நிகர்ப் பயிற்சி, இன்னொன்றுக்கு வீடியோ, மூன்றாவதற்கு இரண்டும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பை-முகமூடிச் சோதனை வைத்தபோது எந்தக் குழுவிலும் பெரும்பாலோர் தேறவில்லை. மெய்நிகர்க் குழு சறுக்கியது மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவே. வசதி குறைந்த, தூரமான இடங்களில் நடந்த ஆய்வு என்பதால் எங்களுக்கு நெருக்கமானது. அதனாலேயே அதன் கசப்பும் எங்களுக்கு உரியது.

தமிழில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மெய்நிகர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அறிந்தோ அறியாமலோ சரியாகச் சொல்லிவிட்டார். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்கூட. ஹெட்செட் முதல் பொருளை அருமையாக நடிக்கிறது. இரண்டாவது அதனிடம் இன்னும் இல்லை. தாடையெலும்பின் கடினம், பையின் எதிர்விசை, முகமூடி ஓரத்தில் கசியும் காற்றின் குளிர்ச்சி: இவை விரல் நுனிக்கு வரவேண்டும். வரவைக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடுவுணர்வு ஆய்வகம் பல ஆண்டுகளாக இதே கேள்வியில் இருக்கிறது: இல்லாத பொருளைக் கை தொட்டதாக எப்படி உணரவைப்பது. அது கடைக்கு வரும்வரை எனக்குத் தோன்றும் வழி சாதாரணமானது. கண்ணுக்கு ஹெட்செட், கைக்கு ரப்பர்ப் பொம்மையும் உண்மையான அம்பு பேக்கும். கட்டிலில் பொம்மை கிடக்கும் அதே இடத்தில் கண்ணாடிக்குள் பிள்ளை கிடக்கும்படி இணைத்தால் இன்னும் நல்லது. இணைக்க வசதி இல்லையென்றால் பத்து நிமிடம் அது, பத்து நிமிடம் இது. ஒன்றை வாங்கக் காசு இருந்து மற்றதை வாங்கக் காசு இல்லையென்றால், பொம்மையை வாங்குங்கள் என்பேன்.

இரண்டும் வாய்த்தால், கண்ணாடிக்குள் யாருடைய உலகம் இருக்கவேண்டும் என்ற கேள்வி மிச்சம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று கென்யாவில் உருவாக்கிய 'லைஃப்' என்ற பயிற்சி விளையாட்டில், காட்சி ஓர் ஆபிரிக்க வைத்தியசாலை. லொஸ் ஏஞ்சலிஸின் பளபளக்கும் அறையைக் கொண்டுவந்து அங்கே இறக்கவில்லை. இருக்கும் கருவியை வைத்தே விளையாட்டு. மன்னாருக்கு ஒன்று செய்பவர்கள் அமெரிக்கக் காட்சிக்குத் தமிழ்க் குரல் கொடுத்துவிட்டு ஓயக்கூடாது.

எழுதச் சொன்னால் நான் இப்படித் தொடங்குவேன். ஆவணி மாதம், இரவு ஒன்பதரை. மன்னார்த் தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வைத்தியசாலை, மேலே சுழலும் மின்விசிறி, வெளியே ஓட்டோ ஒன்று பிரேக் அடிக்கும் சத்தம். தாய், அம்மம்மா, தாயின் தோளில் பத்து மாதப் பிள்ளை. "மிஸி, கச்சான் பருப்பு வாயில வச்சுட்டான். மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு!" அம்மம்மா பிள்ளையின் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே ஓடிவருவார். முதல் சோதனை வைத்தியம் சார்ந்ததுகூட இல்லை: மரியாதை குறையாமல், நேரம் கடத்தாமல், அந்தக் கையை நிறுத்தவேண்டும். "அம்மா, பிள்ளையை என்னட்டத் தாங்கோ."

பிள்ளை சத்தமாக இருமுகிறதா என்று பார்க்கவேண்டும். இருமினால் இருமவிட்டுப் பக்கத்தில் நிற்கவேண்டும். இந்தப் பிள்ளை இருமவில்லை. முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தாடையைத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். மீண்டும் ஐந்து அடி. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் மார்புக்குப் பதில் மேல்வயிறு. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் மென்பொருள் பருப்பை இன்னும் கீழே தள்ளிவிடும். பயிலுபவர் அதைக் கண்ணால் காண்பார். மூன்றாம் சுற்றில் பிள்ளை துவளும். அப்போது ஹெட்செட் இருளும். பயிலுபவர் அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மேசையில் கிடக்கும் பொம்மைக்குத் திரும்பவேண்டும். தோளுக்கடியில் துணி, முகமூடி, மூன்று விரல் எலும்பில், முதல் ஐந்து மூச்சு. நெஞ்சு எழும்பாவிட்டால் தலையைச் சரிசெய்து இன்னொரு முறை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் மற்றத் தாதி 1990-ஐ அழைத்து, மன்னார் வைத்தியசாலைக்கும் சொல்லிவிட்டு, பிள்ளையின் எடையைக் கேட்பார்.

கடமை மாறும் நேரத்துக்கு முந்திய இருபது நிமிடம் இதற்குப் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வியர்வையில் நனையும் ஹெட்செட்டின் பஞ்சுறையை ஒவ்வொருவருக்கும் மாற்றவேண்டும். உப்புக்காற்றில் வில்லையில் படியும் மங்கலைத் துடைக்க ஒரு மெல்லிய துணியும் வேண்டும். பொம்மையை அலுமாரிக்குள் பூட்டிவைக்காமல், சாவி யாரிடம் என்று தேடும் நிலை வராமல், அம்பு பேக்கோடு மேசையிலேயே விட்டுவைத்தால், பிள்ளைகள் வராத இரவுகளில் யாராவது ஒருவர் போகிறபோக்கில் எடுத்து நாலு முறை பிழிந்து பார்ப்பார்.